மொழிப்புலத்துக்கு வெளிநாட்டுக் கூட்டு: கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்ப்பது?

தாமிரபரணி | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். தமிழ், ஆங்கிலம், இந்தி, பிரெஞ்சு நான்கையும் சேர்த்து எங்கள் நிர்வாகம் 'மொழிகள் புலம்' என்று பலகை மாட்டியிருக்கிறது. இப்போது பலகைக்கு ஏற்ற மாதிரி வெளிநாட்டுத் தொடர்பும் வேண்டுமாம்.

ஒரு கிழக்காசிய நாட்டுப் பல்கலைக்கழகம் முன்வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஓர் ஆசிரியரை அனுப்புவார்கள், சம்பளம் அவர்களுடையது. பாடநூல், கணினி, அலமாரி எல்லாம் தருவார்கள். நாங்கள் தர வேண்டியது இரண்டு அறை, ஆசிரியருக்கு வீடு, இணைய வசதி. ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பிரின்சிபால் சொன்னது இவ்வளவுதான்: "நாக் வருதும்மா, சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க." (நாக் என்பது கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் தேசியக் குழு.)

பல்கலைக்கழக மொழித்துறைகளில் இந்த மாதிரிக் கூட்டு எப்படி நடக்கிறது, எங்கே சிக்கல் வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாட்டின் பெயர் வேண்டாம், பேச்சு அரசியலுக்குப் போய்விடும்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10.05

மேடம், பல்கலைக்கழக நிதிப்பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் முதல் கேள்வி. பணம் கல்லூரிக் கணக்குக்கு வருகிறதா, இல்லையா?

வருகிறது என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். உங்கள் ஊர்க் கிளை மேலாளர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் நடக்காது. பொருளாக வந்தாலும் அது நன்கொடைதானா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து விசா. வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. அதில் விலக்குப் பெற்றவர்கள் யார் என்றால், வெளிநாட்டுச் சமையல்காரர்கள், தூதரக ஊழியர்கள், அப்புறம் ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர்கள். அரசாங்கத்தின் பார்வையில் நாமும் சமையல்காரரும் ஒரே வரிசை, பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆசிரியர் வந்திறங்கியதும் 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவை முடிக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது என்று வரைவில் எழுதியிருக்கிறதா?

சான்றிதழ் வகுப்போடு நின்றால் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பக்கம் பெரிய தலைவலி இல்லை. பட்டத்தைப் பகிர்ந்து கொடுப்பதாக இருந்தால் 2022 ஒழுங்குமுறை வரும். நாக் மதிப்பெண் 3.01, அல்லது என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசுத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100, இல்லையென்றால் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

லாந்தர் | செவ்வாய், இரவு 11.31

பெயர் வேண்டாம் என்கிறார் தாமிரபரணி, சரி. ஆனால் இந்த விஷயத்தில் உலகமே பாடம் கற்றது ஒரே இடத்தில்தான், அதைப் பேசாமல் முடியாது: சீனாவின் கன்ஃபூசியஸ் நிறுவனங்கள் என்ற மொழி மையங்கள்.

முதலாவது 2004இல் சியோலில் திறந்தது. 2018 முடிவில் உலகம் முழுக்க ஐந்நூற்றுக்கும் மேல். அமைப்பு ஏறக்குறைய உங்கள் வரைவேதான். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் இடம் தரும். சீனப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டாளி. இரண்டு பக்கமும் ஓர் இயக்குநர். ஆசிரியரும் புத்தகமும் தொடக்கப் பணமும் பெய்ஜிங்கில் இருந்த ஹான்பான் என்ற அரசு அலுவலகத்திலிருந்து வரும். சீன மொழிக்கு ஆசிரியர் போட வக்கில்லாத துறைகளுக்கு இது வரப்பிரசாதம். பணக்காரப் பல்கலைக்கழகங்களும் கையை நீட்டின.

சிக்கல் வகுப்பறையில் தொடங்கவில்லை, காகிதத்தில் தொடங்கியது. இந்த நிறுவனங்களின் பொது விதிகளிலேயே, அந்தந்த நாட்டுச் சட்டத்தோடு சீனச் சட்டத்துக்கும் முரணாக நடக்கக் கூடாது என்று இருந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஓர் ஆசிரியை, தான் சீனாவில் தடைசெய்யப்பட்ட ஃபலுன் காங் என்ற ஆன்மிகப் பயிற்சி செய்பவர் என்பதை மறைத்துத்தான் இந்த வேலையில் சேர முடிந்தது என்று ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். கனடாவில் பாடம் நடத்துகிறவருக்குக் கனடாவில் செல்லாத ஒரு நிபந்தனை எப்படி வந்தது? ஆளை எடுத்தது பெய்ஜிங், பல்கலைக்கழகம் அல்ல. 2013இல் மெக்மாஸ்டர் கடையைச் சாத்தியது.

அதைவிடப் பெரிய கூத்து 2014 ஜூலையில், போர்ச்சுகலின் பிராகா நகரில். ஐரோப்பியச் சீனவியலாளர் சங்கத்தின் மாநாடு. தைவானைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் அதற்கு நிதி கொடுத்திருந்தது. ஹான்பான் தலைவர் சூ லின் வந்து பார்த்துவிட்டு, நிகழ்ச்சிக் கையேட்டில் அந்த அறக்கட்டளையின் பெயர் இருந்த பக்கங்களைக் கிழித்தெடுக்கச் சொன்னார். கிழித்தார்கள். சங்கத்துக்காரர்கள் கோபப்பட்டுப் பக்கங்களை மறுபடி அச்சடித்துப் பேராளர்களுக்குக் கொடுத்தார்கள். மொழி அறிஞர்கள் முந்நூறு பேர் எழுத வேண்டிய கண்டனக் கட்டுரையை அந்த அம்மாள் ஒரே நாளில் எழுதிவிட்டார்.

அதே வருடம் செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழகம் புதுப்பிப்புப் பேச்சை நிறுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் அதற்கு முன்பே கையெழுத்திட்டுக் கேட்டிருந்தார்கள். ஐரோப்பாவிலேயே முதலில் 2005இல் திறந்த ஸ்டாக்ஹோம் 2014 முடிவோடு மூடியது. அமெரிக்காவில் நூறு அளவில் இருந்தவை 2023இல் ஐந்துக்கும் குறைவு.

ஒத்துவராதவன் | புதன், காலை 6.48

விடிகாலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள். நான் அந்த ஊர்ப் பணத்தில் அந்த ஊர் மொழியைப் படித்தவன். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் ஐந்தாம் நிலை வரை போனேன், ஒரு வருடம் அங்கேயும் படித்தேன். எனக்கு யாரும் கொள்கை விளக்கம் எடுக்கவில்லை. எழுத்துக்களை எழுதவிட்டே விரலைத் தேய்த்தார்கள், அவ்வளவுதான்.

லாந்தர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அமெரிக்காவில் மூடப்பட்டவற்றில் எத்தனை, பேராசிரியர்களின் மனசாட்சியால் மூடப்பட்டன? 2018இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. கன்ஃபூசியஸ் நிறுவனம் வைத்திருந்தால் பாதுகாப்புத் துறையின் மொழித்திட்டப் பணம் கிடையாது என்றது. அதற்கப்புறம்தான் வரிசையாகப் பூட்டு. அதாவது ஓர் அரசாங்கத்தின் பணத்தை விட்டது இன்னோர் அரசாங்கத்தின் பணத்துக்காக. இதில் சுதந்திரம் எங்கே வந்தது?

பூட்டிய பிறகு என்ன ஆயிற்று என்றும் பாருங்கள். 2023இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் உலக மொழிகள் துறையையே கலைக்கப் போவதாக அறிவித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு ஸ்பானியத்துக்கும் சீனத்துக்கும் ஒரு சில ஆசிரியர்களை மட்டும் மிச்சம் வைத்தார்கள். சொந்தக் காசில் மொழி கற்பிக்கிற லட்சணம் அது.

ஜெர்மனி நடத்தும் கெத்தே நிறுவனம் மட்டும் கோயிலா? அதுவும் அந்த நாட்டு வெளியுறவுத் துறைப் பணம்தான்.

ரைன்கரை | புதன், பிற்பகல் 1.20

கெத்தே பெயர் வந்ததால் ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். (எனக்கும் சம்பளம் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில்தான். சார்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

பணம் அரசாங்கத்துடையது என்பது இருவருக்கும் பொது. வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. கெத்தேயின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவன் தனிக் கட்டடம், தனிச் சான்றிதழ். ஜெர்மன் வெளியுறவுத் துறைக்குப் பிடிக்காத ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்தினால் கெத்தே ஒன்றும் செய்ய முடியாது, அது வெளியே இருக்கிறது. பிரெஞ்சுக்கான அலியான்ஸ் பிரான்சேஸ், பிரிட்டிஷ் கவுன்சில் எல்லாம் அப்படியே. அவை தனிக்குடித்தனம். கன்ஃபூசியஸ் வீட்டோடு மாப்பிள்ளை. வீட்டோடு இருப்பவருக்கு அடுப்படி வரை குரல் இருக்கும்.

துறைக்குள்ளேயே ஆள் அனுப்பும் ஜெர்மன் வழியும் உண்டு. டாட் என்ற அமைப்பு 'லெக்டர்' என்று ஆசிரியர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது. அந்த ஆள் துறையில் ஓர் ஆசிரியர், துறைத்தலைவருக்குக் கட்டுப்பட்டவர், தனி நிறுவனமாகப் பலகை போடுவதில்லை. தாமிரபரணி, உங்கள் வரைவில் வருவது ஆசிரியரா, மையமா? இரண்டும் வேறு வேறு.

கெத்தே மேல் எனக்கு வேறு குறை. தேர்வுக் கட்டணத்தில் அவர்கள் கறார். நர்ஸ் வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் பி1, பி2 என்று தேர்வு நிலைகளில் ஏறுவதற்குள் வீட்டு நகை வங்கிக்குப் போய்விடுகிறது. பல்கலைக்கழகத் துறைகள் ஒழுங்காக இருந்தால் இந்தச் செலவில் பாதி குறையும்.

குறிஞ்சிமலர் | புதன், மாலை 4.02

நான் எம்.ஏ. மாணவி. எல்லாரும் பெரிய பெரிய ஊர்க் கதை சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஐடிஐ, டிப்ளமோ படித்த பையன்கள் ஜப்பானுக்குப் போவதற்காக வாரக்கடைசியில் பேருந்து பிடித்துச் சென்னைக்குப் போய்ப் படிக்கிறார்கள். 2019இலிருந்து உள்ள அந்தத் திறன் தொழிலாளர் விசாவுக்கு என்4 என்ற அடிப்படை நிலை அளவு ஜப்பானியம் போதும். ஒரு கிராமத்துக் கல்லூரிக்கு அந்த நாட்டு ஆசிரியர் ஒருவர் சம்பளம் கேட்காமல் வருகிறார் என்றால், எனக்கு முதலில் தோன்றுவது வரட்டும் என்றுதான். ஒப்பந்தத்தில் ஆறாம் பிரிவு ஏழாம் பிரிவு என்று பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேட்ச் வெளியே போய்விடும்.

பழையபுத்தகம் | புதன், இரவு 8.37

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குறிஞ்சி சொல்வது நியாயம், அதை மறுக்க வரவில்லை. ஆனால் கூட்டாளி ஒருநாள் போவார். போன மறுநாள் துறையில் என்ன மிச்சம் இருக்கும்? நான் பார்ப்பது அதை மட்டும்தான். மூன்று கதை சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

முதல் கதை சாந்திநிகேதன். கன்ஃபூசியஸ் நிறுவனம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தியாவில் சீன அரசின் பணமும் ஒரு பல்கலைக்கழக மொழித்துறையும் முதலில் சந்தித்தது 2000க்குப் பிறகு என்று நினைக்கிறார்கள். 1937 ஏப்ரல் 14 அன்று அங்கே விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தில் சீனமொழித் துறையான சீன பவனத்தைத் தாகூர் திறந்துவைத்தார். அதற்கு அலைந்தவர் டான் யுன்-ஷான் என்ற சீன அறிஞர். 1928இல் சாந்திநிகேதன் வந்தவர், திரும்பவும் சீனா போய்ப் பணமும் புத்தகமும் சேர்த்துக் கொண்டுவந்தார். அங்கே அப்போது சியாங் கை-ஷேக் ஆட்சி. 1942இல் சியாங்கே சாந்திநிகேதன் வந்துபோனார். 1949இல் அந்த ஆட்சி சீனாவில் இல்லாமல் போயிற்று. 1962இல் போரே வந்தது. ஆனால் சீன பவனம் இன்றும் இருக்கிறது. கட்டடம் விசுவபாரதியுடையது, புத்தகம் விசுவபாரதியுடையது. டான் தானும் இந்தியாவிலேயே இருந்து 1983இல் புத்தகயாவில் காலமானார்.

இரண்டாவது, கோதுமைப் பணம். 1950களில் பி.எல்.480 என்ற சட்டத்தின் கீழ் அமெரிக்கா நமக்குக் கோதுமை விற்றது. விலையை ரூபாயில் வாங்கிக்கொண்டது. அந்த ரூபாயை வெளியே கொண்டுபோக முடியாது, இங்கேயே செலவழிக்க வேண்டும். 1962இலிருந்து அதில் ஒரு பங்கைக் கொண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் ரேஷன் வரிசைக்கு வந்த கோதுமைக்கு நாம் கொடுத்த காசில், சிறுபத்திரிகையிலிருந்து சோதிடப் புத்தகம் வரை தமிழில் வந்ததெல்லாம் சிகாகோ அலமாரிக்குப் போயிற்று. இன்று இங்கே கிடைக்காத எத்தனையோ அறுபதுகளின் வெளியீடுகள் அங்கே இருப்பது இதனால்தான். எனக்கு இதில் கோபமும் உண்டு, நன்றியும் உண்டு.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை, அவர் இறந்த பிறகு 1994இல் அதே சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே வைத்து, 'மொழி' அறக்கட்டளையின் பொறுப்பில் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். நுண்படம் எடுத்துக்கொண்டார்கள், மூலம் இங்கேயே. தரமணியில் போய்ப் பாருங்கள். காசு கொடுத்தவன் பொருளை எடுத்துக்கொண்டு போகாத கூட்டு அது. எங்கள் தொழிலில் அது அதிசயம்.

இப்போது உங்கள் வரைவுக்கு வருகிறேன் அம்மா. இரண்டு வருடம் கழித்து அந்த ஆசிரியர் விமானம் ஏறிய பிறகு, அந்த மொழியை உங்கள் கல்லூரியில் யார் நடத்துவார்?

ஒத்துவராதவன் | புதன், இரவு 9.15

பழையபுத்தகம் ஐயா, உங்கள் இரண்டாம் கதை என் கட்சிக்குத்தான் சாட்சி. அமெரிக்கர்கள் தமிழ் படித்தது சங்க இலக்கியத்தின் மேல் காதலாலா? 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. பயந்துபோய் 1958இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் போட்டார்கள். அதன் ஆறாம் தலைப்பில் வந்த பணம்தான் தெற்காசிய மொழித்துறைகளை வளர்த்தது. சட்டத்தின் பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் ஏ.கே. ராமானுஜன் சிகாகோவில் உட்கார்ந்து குறுந்தொகையை மொழிபெயர்த்தார். நோக்கம் கெட்டது, விளைவு நல்லது. அப்படியானால் இவர்கள் விஷயத்திலும் நோக்கத்தை ஏன் தோண்டுகிறீர்கள்?

லாந்தர் | புதன், இரவு 9.58

ஏனென்றால் ராமானுஜனை நியமித்தது சிகாகோ பல்கலைக்கழகம், பென்டகன் அல்ல. குறுந்தொகையில் எந்தப் பாட்டை எடுக்கலாம் என்று வாஷிங்டனிலிருந்து பட்டியல் வரவில்லை. நோக்கத்தை நான் தோண்டவில்லை, நியமன அதிகாரத்தைத்தான் கேட்கிறேன். பணம் கொடுப்பவர் ஆளையும் கொடுத்தால், பாடத்தையும் கொடுத்தால், பல்கலைக்கழகம் வாடகை வாங்காத வீட்டுக்காரர்.

இன்னொன்று. அந்த ஆறாம் தலைப்பை அதுவரை நடத்திய அமெரிக்கக் கல்வித்துறை அலுவலகத்தின் ஊழியர்களை 2025 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டுப் பணம்தான் திடீரென்று நிற்கும், சொந்த அரசின் பணம் நிற்காது என்றும் இல்லை.

ரைன்கரை | வியாழன், காலை 11.44

நின்றுபோகும் கதைக்கு ஐரோப்பாவில் பஞ்சமில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் கமில் சுவலபில் என்ற ஒரே மனிதரைச் சுற்றித்தான் தமிழ் ஆய்வு வளர்ந்தது. 1968இல் சோவியத் டாங்கிகள் வந்தன, அவர் நாட்டை விட்டுப் போனார். கடைசியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கற்பித்தார். மாஸ்கோவில் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்து 2020இல் கொரோனாவில் போய்விட்டார். ஒருவரை நம்பியே துறை இருந்தால் இதுதான்.

எங்கள் கொலோன் பல்கலைக்கழகக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பேராசிரியர் ஓய்வு பெறும் நேரத்தில் தமிழ்ப்பிரிவை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. உலகத் தமிழர்கள் நிதி திரட்டினார்கள், 2021இல் தமிழக அரசு 1 கோடியே 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. இவ்வளவு பாடும் ஓர் ஆசிரியர் பணியிடத்தைச் சில வருடம் தக்கவைக்க. பெரிய தொகைபோலத் தெரியும், ஆனால் இங்கே ஓர் ஆளுக்குச் சம்பளமும் வரியும் காப்பீடும் கட்டினால் அது கரைய அதிக நாள் ஆகாது.

செங்காந்தள் | வியாழன், பிற்பகல் 2.30

கொலோன், ஹார்வர்டு இரண்டுக்கும் பணம் கொடுத்தவன் நான், சிறிய தொகைதான். எனக்கு நீண்ட நாளாக ஒரு ஆதங்கம். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர். இரண்டு மருத்துவர்கள் தொடங்கிவைத்தார்கள், தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது, ஊர் உலகமெல்லாம் கொடுத்து 2018இல் இலக்கை எட்டினோம். அதற்கப்புறம் பேராசிரியரை அவர்கள் பாட்டுக்குத் தேடினார்கள், வருடக்கணக்கில். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று நமக்கு அறிக்கை உண்டா? கொடுத்தவர்களுக்கு ஒரு குழுவில் இரண்டு இடமாவது வேண்டாமா? தமிழின் தொன்மையைக் குறைத்துப் பேசும் ஆளை நாளைக்கு அங்கே உட்காரவைத்தால் நம் பணத்தாலேயே நமக்கு அவமானம்.

லாந்தர் | வியாழன், பிற்பகல் 3.05

செங்காந்தள் அண்ணா, நீங்கள் கேட்பதைத்தான் ஹான்பானும் கேட்டது.

செங்காந்தள் | வியாழன், பிற்பகல் 3.21

நாம் ஓர் அரசாங்கம் இல்லையே தம்பி. மக்கள் பணம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

லாந்தர் | வியாழன், பிற்பகல் 3.50

10 கோடி தமிழக அரசின் பணம்தானே அண்ணா. சரி, அதை விடுங்கள். சங்கம் பேராசிரியர் என்ற பெயரில் அங்கே இப்போது இருப்பவர் மார்த்தா ஆன் செல்பி. அமெரிக்காவின் ஆஸ்டினில் பல வருடம் தமிழ் கற்பித்தவர், சங்கப் பாடல்களில் ஊறியவர். நன்கொடையாளர் குழு உட்கார்ந்து தேடியிருந்தால் இவரைக் கண்டுபிடித்திருக்குமா, அல்லது நம் சங்கங்களுக்குள் யார் பெரியவர் என்ற சண்டையில் இன்னும் பத்து வருடம் போயிருக்குமா? நம் மாநாடுகளைப் பார்த்தவர்கள் பதில் சொல்லட்டும்.

பழையபுத்தகம் | வியாழன், மாலை 5.10

செங்காந்தள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் கேட்பதில் பாதி சரி. அறிக்கை கேட்கலாம். எத்தனை பேர் படித்தார்கள், எந்தப் பாடம் நடந்தது, மூலதனம் எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் கேட்க நன்கொடையாளருக்கு உரிமை உண்டு. நியமனத்திலும் பாடத்திட்டத்திலும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. ஹார்வர்டுக்குக் கொடுத்தது மூலதனம். அசலைத் தொடாமல் அதன் வருமானத்தில் பதவி நடக்கும். அதனால் ஆட்சி மாறினாலும் ஆள் மாறினாலும் இருக்கை இருக்கும். கொலோனுக்குக் கொடுத்தது நடப்புச் செலவு. ரைன்கரை சொன்ன மாதிரி கரைந்துபோகும்.

நம் மத்திய அரசும் ஆள் அனுப்புகிறதே. ஐசிசிஆர் (இந்தியப் பண்பாட்டுத் தொடர்பு மன்றம்) போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் ஆசிரியர் அனுப்பியிருக்கிறது. அதை யாரும் ஊடுருவல் என்று சொல்வதில்லை. ஏனென்றால் அங்கே தமிழ் சொல்லித்தர உள்ளூர்ப் போலந்து அறிஞர்கள் முன்பே இருந்தார்கள். போனவர் அந்தத் துறையோடு சேர்ந்துகொண்டார்.

தாமிரபரணி | வியாழன், இரவு 10.22

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. வரைவை மறுபடி எடுத்துவைத்துப் படித்தேன். உங்கள் கேள்விகளுக்குப் பதில்:

ரைன்கரை, வருவது மையம்தான். ஆங்கிலப் பிரதியில் பெயர்ப்பலகையின் அளவு வரை எழுதியிருக்கிறார்கள். மையத்துக்கு இரண்டு இயக்குநர்கள், எங்கள் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர். கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல் நிற்கும் என்று இல்லை.

லாந்தர், ஆசிரியரை "அனுப்பும் தரப்பு தன் விதிகளின்படி தேர்ந்தெடுக்கும்". எங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை. பாடநூல் "அங்கீகரிக்கப்பட்ட தொகுதி". அங்கீகரிப்பது யார் என்று இல்லை. மையத்தின் அறைகளில் நடக்கும் நிகழ்ச்சிகள் "இரு நாட்டு நல்லுறவுக்கு உகந்தவையாக" இருக்க வேண்டும் என்று ஒரு வரி. எங்கள் வரலாற்றுத் துறைக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

கணக்குப்பிள்ளை ஐயா, பணம் வராது, பொருள் வரும். பொருள் யாருடையது என்று தேடினேன். ஒப்பந்தம் முடிந்தால் கணினிகள் "அனுப்பிய தரப்பின் விருப்பப்படி". புத்தகம் பற்றி ஒன்றுமே இல்லை.

பழையபுத்தகம் ஐயாவின் கேள்விக்கு வரைவில் பதில் இல்லை. பிரின்சிபாலிடம் கேட்டேன். "அப்போ வேற நாட்டோட போட்டுக்கலாம்" என்றார்.

கணக்குப்பிள்ளை | வியாழன், இரவு 10.51

உங்கள் பிரின்சிபால் எங்கள் முன்னாள் பதிவாளருக்கு உறவா? எங்களிடமும் ஓர் அலமாரி நிறைய எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) இருந்தது. நாக் குழு வரும் வாரத்தில் மட்டும் தூசி தட்டுவோம். இப்போது அவர்கள் உஷார், செயல்பாட்டில் இருக்கிறதா, என்ன நடந்தது, ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். வெறும் கையெழுத்துக்கு மதிப்பெண் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த வாதம்தான் அவரிடம் எடுபடும், சிகாகோ கதையெல்லாம் வேண்டாம்.

ரைன்கரை | வெள்ளி, நள்ளிரவு 12.40

நான் பார்த்த ஒப்பந்தங்களை வைத்துச் சொல்கிறேன், அனுப்பும் தரப்பு பெரும்பாலும் முதல் வரைவை எங்கேயும் ஒரே மாதிரி அனுப்பும். அச்சு வார்ப்புதான். திருத்தம் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் பேசுவார்கள். மையம் என்பதைத் துறைக்குள் ஒரு வருகைதரு ஆசிரியர் என்று மாற்றச் சொல்லுங்கள். மூன்று பேரின் விவரம் அனுப்பட்டும், உங்கள் தேர்வுக்குழு ஒருவரை எடுக்கட்டும். நல்லுறவு வரியை அடித்துவிடுங்கள். இவற்றுக்கு மறுத்தால் ஏன் என்று அவர்களே எழுத்தில் சொல்லட்டும்.

குறிஞ்சிமலர் | வெள்ளி, காலை 9.15

என் பங்குக்கு ஒன்று. கிளம்பிப்போன பிறகு யார் நடத்துவது என்ற கேள்விக்கு ஆளை இப்போதே அனுப்புங்கள். உங்கள் பிரெஞ்சு, ஆங்கில ஆசிரியர்களில் இளையவர்கள் யாரையாவது, அல்லது என்னைப் போல் எம்.ஏ. முடிக்கிற ஒருவரை, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் செலவில் ஒரு வருடம் அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பப் பணம் இருந்தால் ஆள் எடுத்துக்கொள்ளவும் இருக்கும். திரும்பி வந்தவருக்குக் கல்லூரி வேலை தரும் என்று அதே தாளில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவர் நேராகச் சென்னையில் ஏதோ ஒரு ஐடி கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்விடுவார், அங்கே சம்பளம் உங்களைவிட அதிகம்.

ஒத்துவராதவன் | வெள்ளி, காலை 9.40

முதல் தடவையாக ஒத்துவருகிறேன். குறிஞ்சி சொன்னதுதான் உருப்படியானது. ஆனால் ஒரு வருடம் போதாது. எனக்கு அங்கே ஒரு வருடம் இருந்து மளிகைக்கடையில் பேசத்தான் தைரியம் வந்தது. பாடம் நடத்த இரண்டு வருடமாவது கேளுங்கள்.

அப்புறம், கல்லூரி அந்த வேலைக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்குமா, தொகுப்பூதியமா? தொகுப்பூதியம் என்றால் குறிஞ்சி சொன்ன ஐடி கம்பெனிதான் வெல்லும், எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டாலும்.

தாமிரபரணி | சனி, பிற்பகல் 12.08

திருத்தங்களை நேற்று மாலையே அனுப்பிவிட்டோம். ஆச்சரியமாக இன்று காலையே பதில். நல்லுறவு வரியை எடுத்துவிடச் சம்மதம். மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் சம்மதம், ஆனால் நேர்காணல் இணையவழி. எங்கள் ஆளை அனுப்புவது பற்றி "தனியாகப் பேசலாம்" என்கிறார்கள். மையம் என்ற பெயரை விட மாட்டேன் என்கிறார்கள், அது அவர்கள் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டவாம். அவர்களுக்கும் ஒரு நாக் இருக்கும்போல.

நிரந்தரப் பணியிடம் பற்றிச் செயலாளரிடம் கேட்டேன். "முதலில் மாணவர் சேரட்டும்" என்றார். அதைக் கேட்டு எழுத்தில் வாங்க முடியாது என்று எனக்கே தெரியும்.

பழையபுத்தகம் | சனி, மாலை 6.30

பெயர் போகட்டும் அம்மா, தேர்வு உங்கள் கைக்கு வந்தது பெரிய விஷயம். "தனியாகப் பேசலாம்" என்பதை மட்டும் விடாதீர்கள். பிற்சேர்க்கையாகவாவது இணைக்காமல் கையெழுத்துக்குப் போக வேண்டாம்.

புத்தகங்களுக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வரும் நூல்கள் அனைத்தும் கல்லூரி நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றப்படும், அவை கல்லூரியின் உடைமை. மையத்து அறையில் பூட்டிவைக்காமல் பொது அலமாரிக்கு வர வேண்டும்.

தாமிரபரணி | சனி, இரவு 8.14

சேர்த்துவிட்டேன் ஐயா. எங்கள் நூலகர் கேட்கிறார்: தலைப்பை அந்த மொழி எழுத்திலேயே ஏற்ற எங்கள் மென்பொருளில் வழி இல்லையாம், தமிழ் எழுத்தில் ஏற்றலாமா?

பழையபுத்தகம் | சனி, இரவு 8.55

ரோமன் எழுத்தில் ஏற்றுங்கள், குறிப்பில் தமிழ். கோஹா மென்பொருளுக்கு மாறினால் எல்லா எழுத்தும் எடுக்கும், இலவசம்தான். நூலகரை என்னிடம் தனிமடலில் பேசச் சொல்லுங்கள்.